மாலை வகுப்பில் மூன்று வாரம்: "நீங்க எத்தனை நாள் வருவீங்க மிஸ்?"

மாலை ஐந்தரை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். சோழிங்கநல்லூரில் ஐடி வேலை. மூன்று வாரமாக, செவ்வாயும் வியாழனும் மாலை ஐந்தரையிலிருந்து ஏழரை வரை பெரும்பாக்கம் ஹவுசிங் போர்டில் நடக்கும் ஒரு மாலை வகுப்புக்குப் போகிறேன். தரைத்தளத்தில் ஒரே கூடம், ஏறக்குறைய முப்பது பிள்ளைகள். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை எல்லோரும் ஒன்றாகத்தான் உட்காருகிறார்கள். நிரந்தரமாக இருக்கும் அக்கா ஒருவர், அப்புறம் என்னைப் போல வந்து போகிறவர்கள்.

முதல் நாள் பெரிய திட்டத்தோடு போனேன். கதை சொல்வது, ஆங்கிலம் பேசப் பழக்குவது, சின்னச் சின்ன அறிவியல் சோதனை. எதுவும் நடக்கவில்லை. ஹோம்வொர்க்கை எழுதி முடிக்க வைக்கவே நேரம் போய்விடுகிறது. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுத்துக் கூட்டி ஒரு வரியை வாசிக்கத் திணறுகிறான். புத்தகத்தை எடுத்தாலே தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவான்.

போன வாரம் நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நீங்க எத்தனை நாள் வருவீங்க மிஸ்?" என்று கேட்டாள். நான் சிரித்துக்கொண்டே "வந்துக்கிட்டே இருப்பேன்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. அது மனதை அரிக்கிறது. வாரத்துக்கு நான்கு மணி நேரத்தில் உண்மையிலேயே ஏதாவது செய்ய முடியுமா? இதில் பல வருடம் இருந்தவர்கள் சொல்லுங்கள்.

---

வியாசை அண்ணன்

தங்கச்சி, நான் வியாசர்பாடி பக்கம் பதினொரு வருடமாக மாலை வகுப்பு நடத்துகிற குழுவில் இருக்கிறேன். நீங்கள் எழுதியதில் முக்கியமானது அந்தப் பெண்ணின் கேள்விதான். மற்றதெல்லாம் மெல்லச் சரியாகும்.

அவள் ஏன் கேட்கிறாள் என்று யோசியுங்கள். பெரும்பாக்கத்தில் இருக்கும் குடும்பங்களில் பலர் அடையாறு, கூவம் கரையிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவர்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு எத்தனையோ குடும்பங்களைப் பள்ளி ஆண்டின் நடுவிலேயே இங்கே மாற்றினார்கள். பழைய பள்ளி, பழைய டீச்சர், பக்கத்து வீட்டுப் பாட்டி எல்லாம் ஒரே நாளில் இல்லாமல் போனதைப் பார்த்த வீடுகள் அவை. அதற்கு மேல் நம்மைப் போன்றவர்கள். ஜூனில் பத்துப் பேர் வருவார்கள், தீபாவளிக்குப் பிறகு மூன்று பேர் மிஞ்சுவார்கள். போனவர்கள் யாரும் சொல்லிவிட்டுப் போவதில்லை. நாலாம் வகுப்புக்குள் அந்தப் பெண் எத்தனை "மிஸ்"ஸைப் பார்த்திருப்பாளோ.

"வந்துக்கிட்டே இருப்பேன்" என்று இனிமேல் சொல்லாதீர்கள். உங்களால் எது முடியுமோ அதைச் சொல்லுங்கள். "ஏப்ரல் முழுப்பரீட்சை முடியும் வரை செவ்வாய், வியாழன் வருவேன்" என்று சொல்லி, சுவரில் ஒரு மாதக் காலண்டரை மாட்டி, வரும் நாட்களை அவள் கையாலேயே வட்டம் போட வையுங்கள். வர முடியாத நாளை முதல் நாளே நிரந்தர அக்காவுக்குச் சொல்லிவிடுங்கள். அக்கா பிள்ளைகளிடம் சொல்லுவார். இந்த ஒன்றை ஒழுங்காகச் செய்தாலே போதும், பாடம் தானாகவே பின்னால் வரும்.

---

கணக்கு பிடிக்கும்

ஒரு சின்ன அனுபவம். எங்கள் சென்டரில் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் 100 − 37 என்று தாளில் எழுதினால் 77 என்பான். மேலே பூஜ்யம், கீழே ஏழு. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து ஏழு போடுவான், கடன் வாங்க மாட்டான். அப்புறம் பத்தில் மூன்று போக இன்னொரு ஏழு. அதே பையன் மாலையில் மாமா கடையில் நிற்பவன். "நூறு ரூபா கொடுத்து முப்பத்தேழு ரூபாய்க்குச் சாமான் வாங்கினா மீதி எவ்வளவு தருவே?" என்றால் நொடியில் அறுபத்து மூன்று என்பான். எப்படி என்று கேட்டால், "முப்பத்தேழுல இருந்து மூணு போட்டா நாப்பது, அப்புறம் அறுபது" என்று விரலை மடக்கிக் காட்டுவான். அவனுடைய வழியைத் தாளில் அப்படியே எழுதிக் காட்டினேன். "இதுவும் கணக்குதானா?" என்று கேட்டான். அதன் பிறகுதான் கடன் வாங்கும் முறை அவன் மண்டையில் ஏறியது. பிள்ளைக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று பார்ப்பதற்கு இரண்டு வாரம் செலவானால் அது வீண் இல்லை.

---

திண்ணைப் பள்ளி

நான் விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு கிராமம். இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலராக இருந்தவள். அந்தத் திட்டத்தை முதல்வர் தொடங்கி வைத்ததே எங்கள் மாவட்டத்தில்தான், மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில், 2021 அக்டோபர் 27. ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அப்போது கொரோனாவால் பள்ளி மூடி ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. மாலை ஐந்து முதல் ஏழு வரைக்குள் வகுப்பு, மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. எங்கள் வீட்டுத் திண்ணையில் இருபது பிள்ளைகள்.

சகோதரி, அந்த ஆறாம் வகுப்புப் பையனைப் பற்றி. "வாசிக்கத் தெரியவில்லை" என்பதோடு நின்றால் வழி தெரியாது. எந்த இடத்தில் தடுக்கிறது என்று காதைக் கொடுத்துக் கேளுங்கள். நம் எழுத்தில் சிக்கும் இடங்கள் சிலதான். 'கொ' என்ற எழுத்தில் கொம்பு முன்னால், கால் பின்னால். பிள்ளை இடமிருந்து வலமாகப் போவதால் 'கெ' என்று சொல்லிவிட்டுத் தனியாக நிற்கும் காலைப் பார்த்து முழிக்கும். அதே போல 'கௌ'. பின்னால் இருப்பது ள என்று நினைத்து 'கெள' என்று வாசிப்பார்கள். புள்ளி வைத்த எழுத்து வந்தால் சிலர் அதற்கும் ஒரு 'அ' சேர்த்துவிடுவார்கள், 'பட்டம்' என்பது 'படடம' ஆகிவிடும். நான் ஒரு நோட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, தடுக்கும் எழுத்தை மட்டும் எழுதி வைத்தேன். எட்டாம் வகுப்பு வரை வந்த ஒரு பையனுக்கு மொத்தமே ஒன்பது இடத்தில்தான் தடுக்கிறது என்று அப்படித்தான் தெரிந்தது. அந்த ஒன்பதையும் அவனிடம் காட்டினேன். "அவ்வளவுதானாக்கா?" என்று கேட்டான். தனக்கு எதுவுமே தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்த பையன்.

முதல் மாதம் நான் பாடமே எடுக்கவில்லை. கதை, விடுகதை, பாட்டு. ஒன்றரை வருடம் ஆடு மேய்த்தும் வலை பிரித்தும் இருந்த பிள்ளைகளுக்கு மறுபடியும் ஒரு இடத்தில் உட்காரும் பழக்கமே முதலில் வர வேண்டியிருந்தது.

---

மாலை ஐந்தரை

ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. இந்த நோட்டு விஷயத்தை வியாழக்கிழமையே தொடங்குகிறேன். ஒரு சிக்கல். அவனுக்கு இரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்தால் மற்ற பிள்ளைகள் பார்த்துவிடுவார்களே. அவன் அப்புறம் வரவே மாட்டான் என்று பயமாக இருக்கிறது.

---

தொடக்கப்பள்ளி ஆசிரியர்

அரசுப் பள்ளியில் பத்தொன்பது வருடம். வெளிப்படையாகச் சில விஷயம் சொல்கிறேன், வருத்தப்படாதீர்கள்.

முதலில் கண். எழுந்து போகிற பிள்ளை, புத்தகத்தை மூக்கருகே பிடிக்கிற பிள்ளை, பக்கத்துப் பிள்ளை நோட்டைப் பார்த்து எழுதுகிற பிள்ளை, இவர்களுக்கு முதலில் கண்ணையும் காதையும் சோதிக்க வேண்டும். பள்ளிக்கு நடமாடும் மருத்துவக் குழு வரும். அவன் அன்று பள்ளிக்கு வராமல் இருந்திருக்கலாம். அம்மாவிடம் பேசி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். என் வகுப்பில் 'மக்கு' என்று பெயர் வாங்கிய ஒரு பெண்ணுக்குக் கண்ணாடி போட்ட மறுவாரம் வாசிப்பே மாறிப்போனது. அவளை அப்படிக் கூப்பிட்டவர்களில் நானும் ஒருவன். இன்றைக்கும் அது உறுத்துகிறது.

அப்புறம், புத்தகமே வேண்டாம். பஸ் பலகையில் இருக்கும் பெயர்கள், ஆட்டோ பின்னால் எழுதியிருப்பது, கடைப் பலகை, பிஸ்கட் பாக்கெட். அவன் வயதுக்கு அதில் வெட்கம் இல்லை. பிள்ளைகளை வகுப்பு வாரியாகப் பிரிக்காமல், எழுத்து தெரிந்தவர், சொல் வாசிப்பவர், வரி வாசிப்பவர் என்று பிரித்து உட்கார வையுங்கள். அந்தக் குழுக்களுக்கு மாங்காய், நாவல்பழம் என்று ஏதாவது பெயர் வைத்துவிட்டால் யார் எந்த வகுப்பு என்பது பேச்சிலேயே வராது. இந்தப் பையன் தனியாள் இல்லை. வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளின் வாசிப்பைச் சோதிக்கும் ஏசர் ஆய்வின் 2022 அறிக்கையில், தமிழ்நாட்டுக் கிராமங்களில் மூன்றாம் வகுப்பில் இருந்தவர்களில் இரண்டாம் வகுப்புப் பத்தியை வாசித்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. கொரோனாக் காலத்தின் அடி அது. அந்த வயதுப் பிள்ளைகள்தான் இப்போது உங்கள் கூடத்தில் வளர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தன்னார்வலர்கள் சிலர் பிள்ளை முன்னாலேயே "உங்க ஸ்கூல்ல என்னதான் சொல்லிக் கொடுக்கறாங்க" என்று கேட்கிறார்கள். வேண்டாம். மறுநாள் காலை அந்தப் பிள்ளை எங்கள் முன்னால்தான் உட்கார வேண்டும். ஒரு நாள் பள்ளிக்கு வந்து வகுப்பாசிரியரைப் பாருங்கள். பத்து நிமிடம் போதும்.

---

நைட் ஷிஃப்ட்

இழைக்குத் தொடர்பானதுதான், கேட்டுவிடுகிறேன். எங்கள் அலுவலகத்தில் ஐம்பது பேர் ஒரு சனிக்கிழமை இது மாதிரி ஒரு சென்டருக்குப் போகத் திட்டம். கேக், டி-ஷர்ட், விளையாட்டு, கொஞ்சம் போட்டோ. எனக்குத்தான் ஏற்பாட்டுப் பொறுப்பு. ஒரு நாள் போவது தப்பா? நல்ல மனதோடுதான் எல்லோரும் வருகிறார்கள்.

---

கண்ணகி நகர்ப் பெண்

இத்தனை நாள் இந்தத் தளத்தில் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இதற்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் கண்ணகி நகரில் வளர்ந்தவள். நுங்கம்பாக்கம் பக்கம் ஆற்றோரத்தில் இருந்தோம், எனக்கு நாலு வயதில் இங்கே வந்தோம். வீடு மாறினாலும் அம்மாவுக்கு வேலை மாறவில்லை. நுங்கம்பாக்கத்தில் மூன்று வீட்டில் வேலை முடித்து பஸ் பிடித்து வீடு திரும்ப எட்டரை ஆகும். பள்ளி விட்டு நாலரையிலிருந்து எட்டரை வரை நானும் தம்பியும். வராண்டாவில் லைட் எரியாது. யார் யாரோ மாடிப்படியில் உட்கார்ந்து குடிப்பார்கள். மாலை வகுப்பு என்பது எனக்கு முதலில் படிப்பு இல்லை. கதவுள்ள, லைட் எரிகிற, என் பெயர் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிற இடம். நீங்கள் ஒன்றும் சொல்லித் தராமல் அங்கே உட்கார்ந்திருந்தாலும் அந்த நான்கு மணி நேரத்துக்கு அர்த்தம் இருக்கிறது சகோதரி.

ஒரு அக்கா நாலு வருடம் வந்தார். புதன்கிழமை மட்டும். பெரிய படிப்புக்காரர் இல்லை, டெய்லரிங் செய்பவர். கல்யாணமாகி ஊர் மாறிப் போகும்போது ஒரு மாதம் முன்னாலேயே சொன்னார். கடைசிப் புதன்கிழமை எல்லோர் நோட்டிலும் அவரவர் பெயரைத் தையல் எழுத்து மாதிரி எழுதிக் கொடுத்தார். இன்னும் வைத்திருக்கிறேன். இன்னொருவர் வந்தார், மூன்று மாதம். எங்களோடு அத்தனை ஒட்டுதலாக இருந்தார், வீட்டுக்கெல்லாம் வந்து சாப்பிட்டார். திடீரென்று நின்றுவிட்டார். நான் ஏதோ தப்புச் செய்துவிட்டேன் என்று தம்பியிடம் அழுதது நினைவிருக்கிறது. எனக்கு அப்போது ஒன்பது வயது.

போட்டோ பற்றி. பி.காம் இரண்டாம் வருடம் படிக்கும்போது, ஒரு நிறுவனத்தின் துண்டுப் பிரசுரத்தில் என் படத்தைப் பார்த்தேன். எட்டு வயதில், அவர்கள் கொடுத்த டி-ஷர்ட்டோடு, கேக்கை வாயில் வைத்தபடி. பக்கத்தில் குடிசைப் பகுதிக் குழந்தைக்கு உதவுங்கள் என்று எழுதியிருந்தது. வகுப்பில் நான் எந்த ஏரியா என்று யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. கண்ணகி நகர் என்று சொன்னால் வேலை கிடைக்காது என்று எங்கள் ஏரியா அண்ணன்கள் சொந்தக்காரர் முகவரியைப் போட்டு விண்ணப்பித்த காலம் அது. அந்தக் கேக் இனிப்பாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் என்னிடம் யாரும் கேட்கவில்லை. அம்மாவிடமும் கேட்கவில்லை.

இப்போது பெயர் மாறுகிறது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் கபடித் தங்கம் வாங்கிய இந்திய அணியில் எங்கள் கண்ணகி நகர் கார்த்திகா இருந்தாள். ஒரு நாள் கேக்கில் அந்த உடம்பும் மனதும் வராது. வருடக் கணக்காகத் தினமும் பிள்ளைகளை மைதானத்துக்கு வரவைத்த பயிற்சி அது.

---

நைட் ஷிஃப்ட்

இதை வாசித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுத முடியவில்லை. மன்னிக்கவும் சகோதரி. சனிக்கிழமைத் திட்டத்தை நிறுத்திவிட்டேன். அதே பணத்தில் என்ன செய்யலாம் என்று யாராவது சொல்ல முடியுமா? ஐம்பது பேரில் ஏழு பேர் வாரா வாரம் வரத் தயார் என்கிறார்கள்.

---

வியாசை அண்ணன்

தம்பி, நல்ல முடிவு. சுண்டலுக்குக் கொடுங்கள். மதிய உணவு பள்ளியில் கிடைத்துவிடுகிறது, ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவும். பன்னிரண்டரைக்குச் சாப்பிட்ட பிள்ளை ராத்திரி அம்மா வந்து உலை வைக்கும் வரை வெறும் வயிறு. ஆறு மணிக்குக் கவனம் சிதறுவதற்குப் பாதிக் காரணம் பசிதான். முப்பது பிள்ளைக்கு இரண்டு கிலோ கொண்டைக்கடலை தாராளம். ஊறப்போட்டு அவித்துத் தர அதே பிளாக்கில் ஒரு அம்மாவை ஏற்பாடு செய்து அவருக்குக் கூலி கொடுங்கள். மிச்சப் பணத்தில் டியூப்லைட், ஃபேன், நோட்டு வைக்க ஒரு பீரோ.

அந்த ஏழு பேரும் தங்கச்சியும் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று. காவல்துறை நன்னடத்தைச் சான்றுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். சென்டர் கேட்காவிட்டாலும் நீங்களே வாங்கிக் கொடுங்கள். கேட்காத சென்டரிடம் ஏன் கேட்கவில்லை என்று கேளுங்கள். எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியாக இருக்காதீர்கள், எப்போதும் இரண்டு பெரியவர்கள். தனியாக வண்டியில் ஏற்றிப் போக வேண்டாம், தனிப்பட்ட முறையில் போனில் மெசேஜ் வேண்டாம். இது உங்களைச் சந்தேகப்பட்டுச் சொல்வதில்லை. நாளைக்கு வேறு நோக்கத்தோடு ஒருவன் வந்தால், "மற்ற அண்ணன் யாரும் இப்படிச் செய்ய மாட்டாங்களே" என்று பிள்ளைக்குத் தோன்ற வேண்டும், அதற்காக.

ஒரு பிள்ளை தனக்கு நடந்த கெட்டதைச் சொன்னால், "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். குறுக்குக் கேள்வி கேட்காமல் முழுதும் கேளுங்கள், நீ சொன்னது நல்லது என்று சொல்லுங்கள், அன்றைக்கே பொறுப்பாளரிடம் போங்கள். 1098 சிறார் உதவி எண். பாலியல் குற்றம் என்றால் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, தெரிந்த எவரும் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் அதுவே குற்றம். குடும்ப மானம் என்று யாராவது தடுப்பார்கள். தடுத்தாலும் சொல்ல வேண்டும். நாங்கள் ஒருமுறை தயங்கி ஒரு நாளைத் தவறவிட்டோம். அந்த ஒரு நாள் இன்னும் என்னோடு இருக்கிறது.

---

சிவப்புக் காயின்

எல்லோரும் படிப்பையே பேசுகிறீர்கள். எட்டு மணி நேரம் பள்ளியிலும் பஸ்ஸிலும் இருந்த பிள்ளையை மறுபடி உட்கார வைத்து எழுதச் சொல்வது நியாயமா? ஒரு கேரம் போர்டு போடுங்கள். 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலக கேரம் போட்டியில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா எங்கள் வடசென்னைப் பெண். புது வண்ணாரப்பேட்டை செரியன் நகர், அப்பா ஆட்டோ ஓட்டுநர். போர்டைச் சுற்றி நின்று வரிசைக்குக் காத்திருப்பது, தோற்றாலும் கை கொடுப்பது, இதெல்லாம் பாடம் இல்லையா?

---

தொடக்கப்பள்ளி ஆசிரியர்

விளையாட்டு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் வசதியான வீட்டுப் பிள்ளை விளையாடிவிட்டுப் போனால் வீட்டில் வாசித்துக் காட்ட ஆள் இருக்கிறது. இந்தப் பிள்ளைகளுக்கு அந்தக் கூடம் மட்டும்தான். தினமும் அரை மணி நேரம் வாசிப்பு, அதில் சமரசம் கூடாது என்பது என் கருத்து. பிறகு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கேரம் ஆடட்டும்.

---

சிவப்புக் காயின்

முதலில் கேரம், பிறகு வாசிப்பு. வரிசையை மட்டும் மாற்றிப் பாருங்கள் சார். விளையாட்டு முதலில் இருந்தால்தான் ஏழாம் வகுப்பு தாண்டிய பையன்கள் உள்ளேயே வருவார்கள். வந்தால்தானே வாசிக்க வைக்க முடியும்?

---

மாலை ஐந்தரை

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். காலண்டர் மாட்டினோம். அந்தப் பெண் ஏப்ரல் வரை வட்டம் போட்டுவிட்டு, ஒவ்வொரு முறை நான் உள்ளே நுழையும்போதும் அன்றைய வட்டத்துக்குள் ஒரு டிக் போடுகிறாள். ஒரு வியாழன் எனக்குக் காய்ச்சல். அக்காவுக்கு முதல் நாளே சொல்லிவிட்டேன். அந்த வட்டத்துக்குள் 'ஜுரம்' என்று எழுதி வைத்திருந்தாள். வேறெதையும்விட அதைப் பார்த்ததும் நிம்மதியாக இருந்தது.

பையனுக்குக் கண் நன்றாக இருக்கிறதாம். தடுக்கும் இடம் பன்னிரண்டு என்று நோட்டில் வந்தது, இப்போது எட்டு. 'சோழிங்கநல்லூர்' என்று பஸ் பலகையை வாசித்துவிட்டு "மிஸ், இது உங்க ஆபீஸ் ஏரியா" என்றான். ஆனால் போன வாரம் இரண்டு நாளும் வரவில்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று அக்கா விசாரித்துச் சொன்னார். தங்கையையும் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லி அனுப்பியிருக்கிறோம்.

இப்போது ஒரு உதவி வேண்டும். வருகிற மாதம் இரண்டு செவ்வாய்க்கிழமை எனக்கு அலுவலகத்தில் ரிலீஸ் வேலை, கண்டிப்பாக வர முடியாது. வட்டம் போட்டாயிற்று. அந்த இரண்டு நாளுக்கு யாராவது வர முடியுமா?

---

கண்ணகி நகர்ப் பெண்

நான் வருகிறேன். எனக்குப் பக்கம்தான். நன்னடத்தைச் சான்று ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்காக ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிறேன், அக்காவிடம் காட்டுகிறேன். ஆனால் நேராகச் செவ்வாய் அன்று வந்து நிற்க மாட்டேன். அதற்கு முந்தின வியாழக்கிழமை நீங்கள் இருக்கும்போதே வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்துவிட்டுப் போகிறேன். அந்தப் பெண்ணிடம் என் பெயரைச் சொல்லி, அந்த இரண்டு வட்டத்துக்குள்ளும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். எந்த பிளாக் என்று தனிச்செய்தியில் அனுப்புங்கள்.